சாகணில் தானாக இறங்கிய மேடை

புதிதாக வேலைக்கு வந்திருக்கும் உங்களிடம் கொஞ்ச நேரம் பேசச் சொல்லியிருக்கிறார்கள். கோட் எழுதுவது எப்படி என்று நான் சொல்லப்போவதில்லை. அது என்னைவிட உங்களுக்கு நன்றாகவே தெரியும். எழுதியதை மாற்றுவதைப் பற்றித்தான் சொல்ல நினைக்கிறேன். நம் வேலையில் பெரும்பகுதி அதுதானே. யாரோ எழுதிவிட்டுப் போனதைத் திறக்கிறோம், ஒரு இடத்தை மாற்றுகிறோம், ஓடுகிறதா என்று பார்த்துவிட்டு மூடுகிறோம். என்ன மாற்றினோம், ஏன் மாற்றினோம் என்று எழுதி வைப்பது மட்டும் எல்லோருக்கும் வேப்பங்காய்.

இந்த வேலையில் நான் பலமுறை பயந்திருக்கிறேன். சர்வர் நின்றுபோய் வாடிக்கையாளர் கத்தும்போது பயம் வரும். அது இரண்டு நாளில் போய்விடும். போகாத பயம் ஒன்று இருக்கிறது. அது சாகணில் வந்தது.

அப்போது எங்கள் அலுவலகம் மராத்தி பேசும் ஒரு பெரிய ஊரில், ஹடப்சர் என்ற பகுதியில் இருந்தது. தொழிற்சாலை இயந்திரங்களை இயக்கும் மென்பொருள் எழுதிக்கொண்டிருந்தோம். ஊரின் மறு கோடியில், சாகணில் கார் பாகங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலையில் எங்கள் கோட் ஓடியது. அங்கே லிஃப்டர் என்று ஒன்று உண்டு. காரின் அடிச்சட்டத்தைத் தூக்கி, ஆள் உயரத்துக்கு மேலே நிறுத்தும் இரும்பு மேடை. மேடை மேலே நிற்கும்போது ஆட்கள் அதன் கீழே போய் போல்ட் முடுக்குவார்கள். அவர்கள் வெளியே வந்ததும் மேடை இறங்கும். கீழே ஆள் இருக்கிறாரா இல்லையா என்று பார்த்துச் சொல்வது சென்சார். அதைக் கேட்டுக்கொண்டு இறங்கலாமா, கூடாதா என்று முடிவு செய்வது எங்கள் கோட்.

மழைக்கால மதியம். சாப்பிட்டுவிட்டு வந்து உட்கார்ந்திருந்தேன். தொழிற்சாலை மேலாளர் குல்கர்ணி போன் செய்தார். எப்போதும் சத்தமாகப் பேசுகிற மனிதர். அன்றைக்குக் குரல் தாழ்ந்திருந்தது. மின்சாரம் ஒரு கணம் போய் வந்தது என்றார். வந்த உடனே ஒன்றாவது லிஃப்டர் தானாக இறங்கிவிட்டது என்றார். கீழே போல்ட் முடுக்குகிற கோண்டிபா இருந்தார் என்றார்.

ஆள் உயிரோடு இருக்கிறாரா என்று எந்த மொழியில் கேட்டேனோ ஞாபகமில்லை. இருக்கிறார் என்றார். சத்தம் கேட்டதும் உருண்டு வெளியே வந்துவிட்டார். இடது பாதம் மட்டும் மாட்டிக்கொண்டது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள்.

பிறகு அவர் குரல் பழைய நிலைக்கு வந்தது. போன மாதம்தானே உங்கள் ஆட்கள் இந்த லிஃப்டருக்குப் புது கோட் போட்டீர்கள், அதற்கு முன்னால் இப்படி நடந்ததே இல்லை, வந்து பழையதைப் போட்டுக் கொடுங்கள், சாயங்கால ஷிப்ட் ஓடியாக வேண்டும் என்றார்.

போனை வைத்துவிட்டுத் திரும்பினால் தேவிகா எழுந்து நின்றுகொண்டிருந்தாள். என் முகத்தைப் பார்த்தே ஏதோ புரிந்திருக்கிறது.

தேவிகாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதே ஊரில் கட்கி என்ற பகுதியில் பிறந்து வளர்ந்தவள். அப்பா, தாத்தா இரண்டு பேரும் அங்கே வெடிமருந்துத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர்கள். வீட்டில் தமிழ், வாசலைத் தாண்டினால் இந்தியும் மராத்தியும். அப்போது நாற்பதை நெருங்கிக்கொண்டிருந்தாள், இரண்டு பிள்ளைகள். எங்கள் குழுவில் அவளைப் போலப் பொறுமையாகக் கோட் படிக்கிறவர்கள் வேறு யாரும் இல்லை. அந்தப் புது கோட் அவள் செய்த வேலை.

புது கோட் என்று குல்கர்ணி சொன்னாரே தவிர, அது புதிது இல்லை. பழையதைத்தான் தேவிகா சுத்தம் செய்திருந்தாள். அந்தப் பழைய ஃபைலை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். திறந்தால் முதலில் பக்கம் பக்கமாகப் பெயர்களும் தேதிகளும் வரும். இன்னார் மாற்றினார், இன்னார் திருத்தினார், இன்னார் மறுபடி மாற்றினார். ஏன் மாற்றினார்கள் என்று ஒரு இடத்திலும் இருக்காது. அதைத் தாண்டினால் கோட். நடுநடுவே வேண்டாம் என்று, ஓடாதபடி கமெண்டாக்கி விட்டுவைத்த பழைய துண்டுகள். எது உயிரோடு இருக்கிறது, எது செத்துப்போனது என்று கண்டுபிடிக்கவே கண் வலிக்கும். எடுத்துவிட எல்லோருக்கும் பயம். பின்னால் தேவைப்பட்டால் என்ன செய்வது என்று ஒவ்வொருவரும் விட்டுவைத்துவிட்டுப் போயிருந்தார்கள்.

தேவிகா அதையெல்லாம் எடுத்தாள். மொத்தமாக அள்ளிப் போடவில்லை. ஒவ்வொரு துண்டாக எடுத்தாள். ஒவ்வொன்றுக்கும் தனியாக ஒரு மாற்றக் குறிப்பு எழுதினாள். மாற்றத்தைக் கமிட் செய்து பதியும்போது எழுதுகிறீர்களே, அதைத்தான் சொல்கிறேன். நீங்கள் அதில் 'சரிசெய்தது', 'சிறு மாற்றம்' என்று ஒரு சொல்லோடு நிறுத்திக்கொள்கிறீர்கள். அவள் என்ன எடுத்தாள், ஏன் எடுத்தாள், எடுத்தால் எதுவும் மாறாது என்று எப்படித் தெரிந்துகொண்டாள் என்று எழுதுவாள். குழுவில் சிலர் கிண்டல் செய்தார்கள். அவள் கண்டுகொள்ளவில்லை.

அன்றைக்கு அவள் சொன்னது இது. "அக்கா, அந்த ஃபைலைத் தொட்டது நான் மட்டும்தான். எல்லாரும் என்னைத்தான் சொல்வாங்க. நான் ஏதோ எடுத்திருக்கேன் போல, அக்கா."

அவளையும் கூட்டிக்கொண்டு டாக்ஸியில் கிளம்பினேன். ஹடப்சரிலிருந்து சாகண் போவது என்றால் ஊரின் ஒரு கோடியிலிருந்து மறு கோடி. மழை வேறு. நாசிக் சாலையில் லாரிகளுக்குப் பின்னால் நின்று நின்று போனோம். தேவிகா ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தாள். வாய்க்குள் என்னவோ சொல்லிக்கொண்டே வந்தாள். நான் மடியில் லேப்டாப்பைத் திறந்து அவள் எழுதிய குறிப்புகளை முதலிலிருந்து படித்தேன்.

அதில் ஒரு குறிப்பு என்னை நிறுத்தியது. கோட்டில் ஒரு இடத்தில் சென்சாரிடம் இரண்டு முறை கேட்கிறது. கேட்டு, கொஞ்சம் பொறுத்து, மறுபடி அதையே கேட்கிறது. யார் பார்த்தாலும் ஒன்று வீண் என்றுதான் தோன்றும். தேவிகாவுக்கும் அப்படித்தான் தோன்றியிருக்கிறது. எடுப்பதற்கு முன்னால், அந்த இடத்தை எழுதியவரைத் தேடிப் போயிருக்கிறாள். அவர் எங்கள் பழைய டீம் லீடர். எனக்கும் வேலை கற்றுக்கொடுத்தவர். பெயர் வேண்டாம், தன்னைப் பற்றிப் பேசினால் அவருக்குப் பிடிக்காது. ஓய்வு பெற்றுப் போனவரைப் போனில் பிடித்துக் கேட்டிருக்கிறாள். மின்சாரம் போய் வந்தால் அந்த சென்சார் முதலில் பொய் சொல்லும், ஆள் இருந்தாலும் இல்லை என்று சொல்லும், கொஞ்சம் பொறுத்துக் கேட்டால்தான் உண்மை வரும், அதனால் இரண்டாவது முறை கேட்கிறோம் என்று அவர் விளக்கியிருக்கிறார்.

தேவிகா அந்த வரியை எடுக்கவில்லை. அதற்கு மேலே இரண்டு வரியில் காரணத்தைக் கமெண்டாக எழுதிவிட்டு, அவர் சொன்னதை முழுதாக மாற்றக் குறிப்பில் வைத்திருந்தாள்.

"இந்த வரி இருக்கே தேவிகா," என்றேன்.

அவள் திரும்பிப் பார்த்தாள். "இருக்கு. அதை எப்படி அக்கா எடுப்பேன்?"

அப்படியானால் மேடை ஏன் இறங்கியது? அதற்கு எனக்குப் பதில் தெரியவில்லை. தெரியாமல் அந்தத் தொழிற்சாலைக்குள் போகப் பயமாக இருந்தது.

ஷெட்டுக்குள் போனபோது ஒன்றாவது லிஃப்டரைச் சுற்றிக் கயிறு கட்டியிருந்தார்கள். மேடையை மறுபடி உயர்த்தி நிறுத்தியிருந்தார்கள். கீழே ஒரு பூட்ஸ் கிடந்தது. முன்பக்கம் தட்டையாகிப் போயிருந்தது. யாரும் அதை எடுக்கவில்லை. வேலை ஆட்கள் தூரத்தில் கும்பலாக நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். தேவிகா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

கண்ணாடி அறைக்குள் குல்கர்ணியும் அவருடைய இரண்டு இன்ஜினியர்களும் எங்கள் ஆள் பிரவீணும் இருந்தார்கள். பிரவீண் கோயம்புத்தூர்ப் பையன். கல்யாணமாகி ஒரு வருடம்தான். எங்கள் கம்பெனி அவனை அந்தத் தொழிற்சாலையிலேயே இருக்க வைத்திருந்தது, ஏதாவது நின்றுபோனால் உடனே பார்ப்பதற்கு. வணக்கம் சொன்னான். அதற்குப் பிறகு சுவரையே பார்த்துக்கொண்டு நின்றான்.

குல்கர்ணி நேராக விஷயத்துக்கு வந்தார். பழைய கோட்டைப் போடுங்கள், அரை மணியில் லைன் ஓட வேண்டும். தலைமை அலுவலகத்திலிருந்து அவருக்கு மாறி மாறிப் போன் வந்துகொண்டிருந்தது. அவருக்கும் பயம்தான். வெளியே அது கோபமாக வந்தது.

இந்த இடத்தைக் கவனமாகக் கேளுங்கள். பழையதைப் போடுவது எனக்கு மிகச் சுலபமான காரியம். போட்டால் குல்கர்ணி அடங்குவார், லைன் ஓடும், நாங்கள் வீட்டுக்குப் போகலாம். ஆனால் போட்டுவிட்டால், மேடை இறங்கியபோது அந்த இயந்திரத்துக்குள் என்ன இருந்தது என்பது அழிந்துபோகும். அதனால் முதலில் உள்ளே இருப்பதைப் பிரதி எடுக்கிறேன், பார்த்துவிட்டுத்தான் எதையும் போடுவேன் என்றேன். அதுவரை அடுத்த ஷெட்டில் இருக்கும் இரண்டாவது லிஃப்டரையும் நிறுத்தி வையுங்கள் என்றேன். அதற்கு அவர் ஒப்பவில்லை. இரண்டாவதில் உங்கள் புது கோட் போடவே இல்லை, அதில் பழையதுதான் ஓடுகிறது, வருடக்கணக்காக ஒழுங்காக ஓடுவதை நான் ஏன் நிறுத்த வேண்டும் என்று கேட்டார். அவர் கேட்டதில் நியாயம் இருந்தது.

பிரதி எடுத்தோம். தேவிகாவின் குறிப்புகளோடு எங்கள் அலுவலகத்தில் இருந்த கோட்டையும் இயந்திரத்திலிருந்து எடுத்த கோட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டேன். எல்லாம் ஒன்றுதான். ஒரு இடம் மட்டும் வேறு. இரண்டாவது முறை கேட்கிற அந்த வரியை யாரோ கமெண்டாக்கியிருந்தார்கள். பக்கத்தில் 'தற்காலிகம்' என்று ஒரு சொல். பெயர் இல்லை, காரணம் இல்லை. எங்கள் அலுவலகத்தில் அதற்குப் பதிவும் இல்லை. நேராக இயந்திரத்திலேயே மாற்றியிருக்கிறார்கள். அதற்கு மேலே தேவிகா எழுதிய இரண்டு வரி அப்படியே இருந்தது.

என் தோளுக்குப் பின்னால் நின்று தேவிகாவும் பார்த்துவிட்டாள். அவள் மூச்சை இழுத்தது எனக்குக் கேட்டது. அதே நேரம் குல்கர்ணி, கோட்டைச் சுத்தம் செய்கிறேன் என்று யாரைக் கேட்டுக் கை வைத்தீர்கள், ஒரு மனிதனின் கால் போய்விட்டது என்று அவளைப் பார்த்து நேராகச் சொல்லிக்கொண்டிருந்தார். திரையை அவர் பக்கம் திருப்பினால் போதும், அவள் மேல் இருந்த பழி போய்விடும். அவள் என்னைப் பார்த்தாள். நான் லேசாகத் தலையை அசைத்தேன், வேண்டாம் என்று. அவள் வாயைத் திறக்கவில்லை. கண்ணில் தண்ணீர் நின்றது. அந்த வார்த்தைகளையெல்லாம் நின்று வாங்கிக்கொண்டாள். என் வேலைக்காலத்தில் ஒருவர் எனக்காகச் செய்ததிலேயே பெரிய காரியம் அது.

ஏன் தடுத்தேன் என்று கேட்பீர்கள். அந்த இயந்திரத்தைத் திறக்கும் கடவுச்சொல் அங்கே அந்த இரண்டு இன்ஜினியர்கள், பிரவீண் என்று மூன்று பேரிடம்தான் இருந்தது. மூன்று பேரும் அந்த அறையில் நின்றார்கள். எல்லோர் முன்னாலும் யார் செய்தது என்று கேட்டால், நான் இல்லை என்ற பதில்தான் வரும். ஒருமுறை இல்லை என்று சொல்லிவிட்டால் பிறகு அந்த ஆளால் திரும்ப வர முடியாது. எனக்கு அந்த நேரத்தில் யார் என்பது முக்கியமாகத் தோன்றவில்லை. இதையே வேறு எங்கேயாவது செய்திருந்தால் என்ன என்ற கேள்வி வந்துவிட்டது.

லேப்டாப்பை மூடினேன். இன்னும் கொஞ்சம் பார்க்க வேண்டும் என்று குல்கர்ணியிடம் சொல்லிவிட்டு, தண்ணீர் எங்கே இருக்கிறது, காட்டு என்று பிரவீணைக் கூப்பிட்டுக்கொண்டு வெளியே வந்தேன். சுவரையே பார்த்துக்கொண்டிருந்தவன் அவன் ஒருவன்தான். என்னிடம் அதைவிட வேறு ஆதாரம் இல்லை.

தண்ணீர்க் குழாய்ப் பக்கம் யாரும் இல்லை. நீதான் செய்தாயா என்று நான் கேட்கவில்லை. "இதே மாதிரி வேற எங்க பண்ணியிருக்கே பிரவீண்?" என்று கேட்டேன்.

அவன் பதில் சொல்ல முயன்றான். அந்த நேரம் மிக நீளமாக இருந்தது. இல்லை என்று சொல்லிவிடப்போகிறான் என்று பயந்தேன்.

"ரெண்டாவதுலயும் எடுத்துட்டனுங்க மேடம்," என்றான். "இப்ப ஓடிட்டிருக்குதுங்க."

நான் ஓடினேன். எனக்கு அப்போதே ஐம்பதைத் தாண்டிவிட்டது, முழங்கால் வேறு வலிக்கும். அடுத்த ஷெட்டுக்கு மழையில் திறந்த வெளியைக் கடந்து போக வேண்டும். பிரவீண் என்னை முந்திக்கொண்டு போனான். உள்ளே விளக்குகள் எல்லாம் எரிந்துகொண்டிருந்தன. இரண்டாவது லிஃப்டர் மேலே நின்றது, கீழே இரண்டு பேர் குனிந்து வேலை செய்துகொண்டிருந்தார்கள். நான் விளக்குகளைத்தான் பார்த்துக்கொண்டே ஓடினேன். எந்த நொடியிலும் அவை ஒருமுறை இமைக்கும், இமைத்தால் முடிந்தது என்பதைத் தவிர வேறு நினைப்பே இல்லை. அவர்களைப் பார்த்துக் கத்தினேன். இயந்திரச் சத்தத்தில் அவர்களுக்குக் கேட்கவில்லை.

பிரவீண் அவசர நிறுத்தப் பொத்தானை அடித்தான். அடித்த கையை எடுக்காமல் அப்படியே நின்றான். மேடை இறங்காதபடி பூட்டிக்கொண்டது. கீழே இருந்த இரண்டு பேரும் நிமிர்ந்து பார்த்துவிட்டு, எரிச்சலோடு வெளியே வந்தார்கள். அவர்களில் ஒருவர், இன்றைக்கு எண்ணிக்கை குறைந்தால் நீங்களா பதில் சொல்வீர்கள் என்று மராத்தியில் கேட்டார்.

அன்றைக்கு அதற்குப் பிறகு மின்சாரம் போகவே இல்லை. அதனால் அந்த இரண்டு பேருக்கும் என்ன நடக்கவிருந்தது என்று உறுதியாகச் சொல்ல யாராலும் முடியாது. ஒன்றும் நடக்காமலே போயிருக்கலாம். எனக்கு அதை நினைத்தால் பயம் குறைவதில்லை, கூடுகிறது.

ஒன்றை மட்டும் யோசித்துப் பாருங்கள். குல்கர்ணி சொன்னபடி ஒன்றாவது லிஃப்டரில் பழைய கோட்டைப் போட்டிருந்தால் அது ஒழுங்காக ஓடியிருக்கும். பழையதில் அந்த இரண்டாவது கேள்வி இருக்கிறதே. தேவிகாவின் கோட்டில்தான் கோளாறு என்று எல்லோரும் முடிவு கட்டியிருப்பார்கள். பக்கத்து ஷெட்டில் அந்த வரி இல்லாத லிஃப்டர் ஓடிக்கொண்டே இருந்திருக்கும்.

பிரவீண் ஏன் செய்தான் என்பதையும் கேளுங்கள், அவன் கெட்டவன் இல்லை. இரண்டாவது முறை கேட்பதற்காகக் கோட் கொஞ்சம் பொறுக்கிறது இல்லையா, அதனால் ஒவ்வொரு சுற்றும் சற்றே தாமதமாகிறது. லைன் சூப்பர்வைசர் அவனை நச்சரித்திருக்கிறார். முறைப்படி அனுமதி கேட்டால் வாரம் ஆகும். தேவிகாவின் கமெண்டை அவன் படித்திருக்கிறான். மின்சாரம் போய் வந்தால்தானே பிரச்சினை, இங்கே யூபிஎஸ் இருக்கிறது, மின்சாரம் போகாது என்று யோசித்திருக்கிறான். சோதனைக்குத்தான் எடுத்திருக்கிறான். வேகம் கூடியது, எல்லோரும் பாராட்டினார்கள், அப்படியே விட்டுவிட்டான். இரண்டாவது லைன்காரர்கள் எங்களுக்கும் செய்துகொடு என்றார்கள். அன்று காலை யூபிஎஸ்ஸைப் பழுதுபார்க்கக் கழற்றினார்கள். கழற்றியவர்களுக்கு அது ஒரு மனிதனின் காலோடு சம்பந்தப்பட்டது என்று எப்படித் தெரியும்? யூபிஎஸ் இருக்கிறது என்ற நம்பிக்கையில் இந்த வரியை எடுக்கிறேன் என்று அவன் ஒரு குறிப்பு எழுதியிருந்தால், ரிவ்யூவில் அதை நாங்கள் பார்த்திருப்போம். யாராவது ஒருவர் அந்த யூபிஎஸ் கழன்றால் என்ன ஆகும் என்று கேட்டிருப்போம். அவன் யோசித்தது அவன் தலைக்குள்ளேயே இருந்தது. கோண்டிபாவுக்கு அடிபட்ட பிறகு பயம் அவன் வாயைக் கட்டிவிட்டது.

அன்று மாலை அந்த வரியைத் திரும்பப் போட்டபோது, குறிப்பை நீயே எழுது என்று பிரவீணிடம் லேப்டாப்பைக் கொடுத்தேன். முதலில் 'சரிசெய்யப்பட்டது' என்று மட்டும் அடித்தான். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு அதை அழித்தான். பிறகு எல்லாவற்றையும் எழுதினான், யூபிஎஸ் உட்பட, தன் பெயர் உட்பட. பலமுறை தப்பாக அடித்துத் திருத்தினான். எழுதி முடித்துவிட்டு, "அனுப்பிரட்டுங்களா மேடம்?" என்று கேட்டான். அனுப்பு என்றேன்.

கம்பெனி அவனை வேலையை விட்டு அனுப்பியது. நான் இரண்டு மேலதிகாரிகளிடம் போய்ப் பேசிப் பார்த்தேன், நடக்கவில்லை. நச்சரித்த சூப்பர்வைசரை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. அவனை அனுப்பியது தப்பு என்று அன்றைக்கும் சொன்னேன், இன்றைக்கும் சொல்கிறேன். அவன் போன பிறகு சாகணில் இருந்த மற்றவர்கள் எங்களிடம் எதையும் சொல்வது குறைந்துபோனது. உண்மையைச் சொன்னவனுக்குக் கிடைத்ததைத்தான் அவர்கள் பார்த்தார்களே.

குல்கர்ணி தேவிகாவிடம் மன்னிப்புக் கேட்டார். எல்லோர் முன்னாலும் திட்டினார், தனியாக வந்து மன்னிப்புக் கேட்டார். அவள் அதையும் வாங்கிக்கொண்டாள்.

தீபாவளிக்கு முன்னால் மறுபடி சாகண் போனோம். கோட்டை மட்டும் நம்பக் கூடாது என்று, ஆள் கீழே போகும்போது குறுக்கே போட இரும்புப் பூட்டு ஒன்றை இரண்டு லிஃப்டருக்கும் வைக்கச் சொல்லியிருந்தோம். அதற்கேற்பக் கோட்டில் சில மாற்றங்கள். தேவிகா கண்ணாடி அறையில் உட்கார்ந்து வேலை செய்துகொண்டிருந்தாள். கதவருகே யாரோ நிற்பது போலத் தோன்றியது. கோண்டிபா.

அதற்கு முன் நான் அவரைப் பார்த்ததில்லை. மெலிந்த மனிதர், கையில் தடி. பாதத்தின் முன்பகுதியை எடுத்துவிட்டிருந்தார்கள். ஸ்டோரில் உட்கார்ந்து செய்யும் வேலை கொடுத்திருந்தார்கள். உள்ளே வரச் சொன்னோம், உட்காரச் சொன்னோம். உட்காரவில்லை. அந்தத் தப்பு எங்கே இருந்தது என்று பார்க்க வேண்டும் என்று மராத்தியில் சொன்னார்.

தேவிகா என்னைப் பார்த்தாள். நான் காட்டு என்றேன். திரையை அவர் பக்கம் திருப்பி, விரலை வைத்துக் காட்டினாள். ஒரே ஒரு வரி. அவர் குனிந்து பார்த்தார். இவ்வளவுதானா என்று கேட்டார். ஆமாம் என்றாள். அதற்கு மேலே என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார். மின்சாரம் வந்தவுடன் சென்சாரின் முதல் பதில் தவறாக இருக்கலாம், இரண்டாவது பதிலை வைத்தே முடிவு செய்யவும் என்று அவள் மராத்தியில் சொன்னாள்.

"எடுத்த அந்த சார் இதைப் படிக்கலையா?" என்று கேட்டார்.

படித்தார் என்று நான் சொன்னேன். அவருக்குக் கோபம்கூட இல்லை. அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

தேவிகா தமிழில் எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள். "அக்கா, நான் சென்சாரைப் பத்தி மட்டும்தான் எழுதியிருக்கேன்."

விசைப்பலகையை இழுத்துக்கொண்டாள். அந்த இரண்டு வரியை விட்டுவிட்டு அடியில் மூன்றாவதாக ஒன்று சேர்த்தாள். ஆங்கிலத்தில்தான் எழுதினாள், தமிழில் சொன்னால் இப்படி வரும்: 'இந்த வரியை எடுத்தால், கீழே ஆள் இருக்கும்போதே மேடை இறங்கும். ஒருமுறை இறங்கியிருக்கிறது.' நடந்ததை விவரமாக மாற்றக் குறிப்பில் எழுதினாள். அங்கே நீளமாக எழுதலாம், கோட்டுக்குள் அதற்கு மேல் தேவையில்லை. எழுதியதை அவருக்கு மராத்தியில் படித்துக் காட்டினாள். உங்கள் பெயரை இதில் போடட்டுமா என்று கேட்டாள்.

அவர் யோசித்தார். "பேரு வேண்டாம்," என்றார். "ஆள்னு இருக்கில்ல, அது போதும்."

தடியை ஊன்றி வெளியே போனார். கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தோம். ஸ்டோருக்குப் போக நேர் வழி லிஃப்டரை ஒட்டித்தான். மேடை தரையோடு தரையாக இறங்கி நின்றது, மின்சாரத்தையும் நாங்கள்தான் நிறுத்தி வைத்திருந்தோம். அவர் அந்தப் பக்கம் போகவில்லை. சுவரை ஒட்டி ஷெட்டை முழுக்கச் சுற்றிக்கொண்டு, மெதுவாகப் போனார்.